இருபது கை எலுமிச்சை

கைக்குச் சிகிச்சை கொடுக்கிற இடத்தில் என்னதான் வேலை நடக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிற ஆளிடம் கேட்காதீர்கள், அவனுக்கும் சரியாகத் தெரியாது.

அன்றைக்கு எங்கள் அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கைகளுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஷமீமா மேடம். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் பழம் எண்ணுகிற சண்முகத்தாய். அவர் வேலை பார்க்கிற கமிஷன் கடையின் முதலாளி. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற மாடசாமி. அப்புறம், அறையைப் பெருக்கி, வெந்நீர் போட்டு, சாமான்களை எண்ணி எடுத்து வைக்கிற நான். ஆள் ஐந்து, பழம் நூற்றைந்து. குழப்பம் பழத்தில்தான் வந்தது. ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உங்களுக்கும் விளங்காது. ஆஸ்பத்திரி வாசலிலோ ஆபீஸ் வாசலிலோ நின்று, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பிள்ளை விடுகிற இடம்

இதற்கு முன்னால் நான் குற்றாலத்தில், குளிக்க வருகிறவர்களின் பைகளை வாங்கி வைக்கிற கடையில் இருந்தேன். பையை வாங்க வேண்டும், டோக்கன் கொடுக்க வேண்டும், டோக்கனை வாங்கிக்கொண்டு பையைக் கொடுக்க வேண்டும். யாரோடும் அதிகம் பேச வேண்டாம். என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கும் என் சுபாவத்துக்கும் பொருத்தமான வேலை. தென்காசியில் மாடியில் இருக்கிற இந்த அறைக்கு என்னைச் சேர்த்துவிட்டவர், “இங்கயும் எண்ணுத வேலைதான்” என்றார். வந்து பார்த்தால் மேசை நிறைய மர முளைகள், கோலிக்குண்டு, பாசிமணி, துணி மாட்டுகிற கிளிப், கலர் கலராகப் பிசைகிற மாவு. அறுபட்ட நரம்பைப் பெரிய ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பிவிடுகிறார்களாம். தைத்த கைக்குப் பொத்தான் போடவும் பூட்டுத் திறக்கவும் சோறு பிசையவும் மறுபடி சொல்லிக்கொடுப்பது இங்கேயாம். மேடம் விளக்கினார். நான் தலையாட்டினேன்.

சேர்ந்த வாரமே ஒரு பெண் சின்னப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். மேசையைப் பார்த்தார். முளைகளைப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, பையனை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் டோக்கனைத் தேடினேன். அவர் அதற்குள் படி இறங்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“அண்ணாச்சி, பிள்ளைய எத்தனை மணிக்குக் கூப்பிட வரணும்?”

செருப்பு

செங்கோட்டையில் மரக்கடை வைத்திருக்கிற ஒருவர் மணிக்கட்டு ஒடிந்து, கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்காமல் வந்தார். மேடம் அவரிடம் ஒரு கிளிப் டப்பாவைக் கொடுத்து, கயிற்றில் ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னார். அவர் மாட்டினார். கழற்றச் சொன்னார். கழற்றினார். மறுபடி மாட்டச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் கிளிப்பைப் பார்த்தேன். துணி எங்கே என்று அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது. முதல் வாரம் நானும் தேடியிருக்கிறேன்.

முடிந்ததும் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். ஊசி இல்லை என்று மேடம் சொன்னார். மாத்திரைச் சீட்டு கேட்டார். அதுவும் இல்லை, தான் டாக்டர் இல்லை, தெரபிஸ்ட் என்றார் மேடம். அவர் எழுந்து வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

“ஊசி இல்ல, மாத்திரை இல்ல, டாக்டரும் இல்ல. அப்ப எதுக்குய்யா செருப்பக் கழத்தச் சொன்னீரு?”

வெந்நீரில் போனது

மாடசாமி மெயினருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஊரான் முதுகையெல்லாம் அழுத்தி அழுத்தி, வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிற்று. மேடம் அந்த விரலைத் தொட்டுப் பார்த்ததுமே அவருக்கு மேடத்தைப் பிடித்துவிட்டது. “தொழில் ஒண்ணுதான். நான் எண்ணெய் போட்டுப் பண்ணுதேன், நீங்க எண்ணெய் இல்லாமப் பண்ணுதீங்க” என்றார். இரண்டும் ஒன்றில்லை என்று மேடம் விளக்கினார். அவரும் என்னைப் போலவே தலையாட்டினார்.

அவருக்கு ஸ்பிளிண்ட் செய்தார்கள். அது ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டால் நனைந்த அப்பளம் மாதிரித் துவளும். அதை எடுத்துக் கட்டைவிரலைச் சுற்றிப் படிய வைத்தால், ஆறியதும் அதே வடிவத்தில் இறுகிவிடும். விரல் அசையாமல் ஓய்வெடுக்கும். வெயிலிலும் சூட்டிலும் வைக்கக்கூடாது என்று மேடம் சொன்னார், நானும் வாசலில் வைத்து ஒருமுறை சொன்னேன். அடுத்த தடவை மாடசாமி வெறுங்கையோடு வந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு தட்டையான தகட்டை எடுத்து மேசையில் வைத்தார். தகடெல்லாம் எண்ணெய் ஆகிவிட்டதாம். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டுமென்றால் கொதிக்கிற வெந்நீர்தானே. போட்டாராம். விரல் வடிவம் போய்ப் பழையபடி தகடாகிவிட்டது. மேடம் தலையில் கைவைத்தார். மாடசாமி அவரைத் தேற்றினார்:

“விடுங்க மேடம். என் கையில உள்ள நோவு பூரா அதுல எறங்கிட்டு. அதான் அது செத்துப்போச்சு.”

அரிசிக்குள் சாவி

சண்முகத்தாய் வீட்டில் வழுக்கி விழுந்தபோது கையிலிருந்த கண்ணாடிப் பாட்டில் உடைந்து, வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. திருநெல்வேலியில் நரம்பைத் தைத்தார்கள். காயம் ஆறிவிட்டது, விரல்கள் மடங்கின, நீண்டன. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. தைத்த நரம்பு மெல்லத்தான் வளருமாம். எவ்வளவு திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் மேடம்.

அதுவரை விரலுக்குப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஒரு பயிற்சி. ஒரு சட்டி அரிசிக்குள் ஒரு சாவி, ஒரு பொத்தான், ஒரு ரூபாய், ஒரு கோலிக்குண்டு. நான்கையும் எண்ணிப் போட்டது நான். கண்ணை மூடிக்கொண்டு துழாவி எடுக்க வேண்டும். இடது கையால் சண்முகத்தாய் பேசிக்கொண்டே நான்கையும் எடுத்தார். வலது கையை விட்டார். வெகுநேரம் துழாவினார். அப்புறம் முகம் மலர்ந்தது. “கெடைச்சிட்டு, சாவிதான்” என்று மூடிய கையை வெளியே எடுத்து நீட்டினார். கண்ணைத் திறந்து கையை விரித்தார். நாலைந்து அரிசி இருந்தது. நான் சட்டியைத் துழாவினேன். நான்கும் உள்ளேயே இருந்தன. சண்முகத்தாய் தன் கையையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

“அப்ப இவ்ளோ நேரம் நான் எதைப் பிடிச்சிட்டு இருந்தேன்?”



ஒண்ணொண்ணாக எண்ணினால்

சாவியும் பொத்தானும் எப்படிப் போனாலும் சண்முகத்தாய்க்குப் பரவாயில்லை. அவருக்கு எண்ணுகிற இடம் திரும்ப வேண்டும். மார்க்கெட்டில் எலுமிச்சையை ஒவ்வொன்றாக எண்ண மாட்டார்கள். வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு, இரண்டையும் சேர்த்து மூட்டைக்குள் போட்டால் ஒரு கை. முதல் கைக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று இருபது கை போட்டால் நூறு. எண்ணுகிறவர் கையைப் பார்க்கவே மாட்டார். கண் அடுத்த குவியலில் இருக்கும், வாய் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும். விரலுக்குத்தான் கணக்கு. கையைப் பார்த்து எண்ணினால் புது ஆள் என்று வியாபாரி சிரிப்பானாம். இப்போதைக்கு முதலாளி அவரை அழுகல் பொறுக்குகிற இடத்தில் உட்கார வைத்திருந்தார். “அது பழம் தெரியாதவங்க உக்காருத எடம்லா அண்ணாச்சி” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். 

அதனால் மேடம் ஒரு மூட்டை பழமே கொண்டுவரச் சொன்னார். முதலாளி நூறு பழமும், வழக்கமாகச் சேர்க்கிற கொசுறு ஐந்தும் கொடுத்து அனுப்பினார். பாயில் கொட்டினோம். சண்முகத்தாய் என்னோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருபது கை போட்டுவிட்டு, “நூறு” என்றார். பாயில் ஐந்து மிஞ்ச வேண்டும். பதினான்கு கிடந்தது. மேடம் மூட்டையைக் கொட்டி எண்ணச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். தொண்ணூற்றொன்று. மூன்று என்று அந்தக் கை நினைத்தது பல தடவை இரண்டாக இருந்திருக்கிறது. சண்முகத்தாயின் முகம் சிவந்துவிட்டது. ஒருவர் எண்ணிப் போட்ட மூட்டையைக் கொட்டி எண்ணுவது அவர்கள் ஊரில் அவரைத் திருடி என்று சொல்வதற்குச் சமமாம். எனக்கு அது தெரியாது. நான் மறுபடியும் எண்ணினேன், மறுபடியும் தொண்ணூற்றொன்று. அவர் சொன்னார்:

“நீங்க ஒண்ணொண்ணா எண்ணுதீங்க. அதான் தப்பா வருது.”

சும்மா இருந்தவன்

அன்றிலிருந்து சண்முகத்தாய் ஒரு நிபந்தனை போட்டார். மூட்டையைக் கொட்டக்கூடாது. பாயில் மிஞ்சுவதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடம் ஒப்புக்கொண்டார்.

இடது கையில் மூன்று எடுக்கச் சொல்லிப் பார்த்தார் மேடம். சரக்கை இடது கையால் கூடுதலாக எடுத்தால் வியாபாரம் விளங்காது என்று சண்முகத்தாய் மறுத்துவிட்டார். மேடம் விவாதிக்கவில்லை. அவருடைய வலது கையை மேசையில் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டார். மூன்று விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மோதிர விரலில் பாதி தெரிந்தது. சுண்டுவிரலைத் தொட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார். அந்த விரலுக்கு வேறு நரம்பு, அது அறுபடவில்லை. விரல் நுனியால் கொத்திப் பிடிப்பதை விட்டுவிட்டு, உள்ளங்கையைச் சாய்த்துப் பழத்தை வரிசையாக அள்ளச் சொன்னார் மேடம். வரிசை நிரம்பினால் கடைசிப் பழம் சுண்டுவிரலில் தட்டும். தட்டினால் மூன்று. தட்டாவிட்டால் இரண்டு. கையைப் பார்க்க வேண்டாம்.

முதலில் சண்முகத்தாய்க்குப் பேச்சு நின்றுபோனது. சுண்டுவிரலைக் கவனித்தால் கை எண்ணிக்கை தவறியது. எண்ணிக்கையைக் கவனித்தால் சுண்டுவிரல் மறந்தது. பாயில் மிஞ்சியது பதினொன்று, எட்டு, மறுபடியும் பத்து, ஏழு என்று ஏறி இறங்கியது. பழம் வாடி, வேறு பழம் வந்தது. ஒருநாள் என்னிடம் தன் நாத்தனாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருபது கை போட்டு முடித்தார். பாயில் ஐந்து கிடந்தது. அவர் சுண்டுவிரலை மட்டும் நீட்டி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனை வருசமும் இவன் சும்மா கூட வந்திருக்கான் பாருங்க.”

ஜன்னல் பழம்

பிறகு மேடம் முதலாளியை வரச் சொன்னார். வேலைக்குத் திரும்ப முடியுமா என்று பார்ப்பதும் அவர் தொழிலில் சேர்ந்ததாம். முதலாளி தன் காரில் மூட்டையோடு வந்தார். நல்ல மனிதர், ஆனால் கறார். “கடையில வச்சு எண்ணச் சொல்லி, யாவாரி முன்னால கொறைஞ்சிட்டுன்னா கடைப் பேரு போயிரும். இங்கனயே பாத்துக்கிடுதேன். அஞ்சு மிஞ்சுனா திங்கக்கெழமை எண்ண வரட்டும். இல்லன்னா அழுகல் பொறுக்கட்டும், இனிமே அதுதான்” என்றார். சண்முகத்தாய் தலையாட்டினார். அன்றைக்கு மாடசாமியும் புது ஸ்பிளிண்ட்டைக் காட்ட வந்திருந்தார்.

வெளியே சாரல். எல்லாரும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே பாயில் பழத்தைக் கொட்டி எண்ணினேன். நூற்றைந்து. எண்ணுகிறவர் எண்ணுவதற்கு முன்னால் எண்ணினால் தப்பில்லை என்று கேட்டு வைத்திருந்தேன். நிமிர்ந்தால் வராந்தாப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் ஒரு எலுமிச்சை. கொட்டும்போது உருண்டு போனதை யாரோ எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, எடுத்துக் குவியலில் போட்டேன். போட்ட பிறகுதான் யோசனை வந்தது. இது இல்லாமலே நூற்றைந்து என்றால் இப்போது நூற்றாறு. அல்லது நான் எண்ணியதில் தப்பு. திரும்ப எண்ண உட்காருவதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படி வாய் வராத ஆட்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

சண்முகத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். லாபம் என்று தொடங்கினார். கண் முதலாளியின் காலடியில் இருந்தது, கை தானாகப் போய் வந்தது. புளியங்குடியில் மழை உண்டா என்று முதலாளி வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தார். “நேத்து ராத்திரி பெஞ்சுது மொதலாளி, பன்னெண்டு, தெருவெல்லாம் சகதி, பதிமூணு” என்று தடையில்லாமல் போனது. இருபது முடிந்ததும் மூட்டை வாயைச் சுருக்கிக் கட்டினார். எல்லாரும் பாயைப் பார்த்தோம். ஆறு.

“ஒண்ணு கொறையுதே தாயி” என்றார் முதலாளி. சத்தம் போடவில்லை. சண்முகத்தாய் சுண்டுவிரலைப் பார்த்தார். “தட்டிச்சே. ஒவ்வொரு கைக்கும் தட்டிச்சே” என்றார், யாரிடம் என்றில்லாமல். மேடம் மூட்டையைக் கொட்டிவிடலாமா என்று கேட்டார். “கொட்டாதீங்க” என்றார் சண்முகத்தாய். “கொட்ட வேண்டாம்” என்றார் முதலாளியும். கொட்டினால் கணக்கு சரியாக இருந்தாலும் அவர் எண்ணுகிறவர் இல்லை என்று ஆகிவிடுமாம். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“மொதல்ல எத்தனை எண்ணுனீரு?”

“நூத்தஞ்சு.”

“நிச்சயமாவா?”

ஜன்னல் பழத்தைச் சொல்லலாம். ஆனால் அது குவியலில் இருந்து உருண்ட பழம்தான் என்றால்? அப்போது என் கணக்கில் தப்பு, அவர் கையிலும் ஒன்று குறைவு. நான் பாயில் கிடந்த ஆறையும் மறுபடி எண்ணினேன்.

அந்த நேரத்தில் மாடசாமி ஜன்னலைத் தடவிக்கொண்டிருந்தார். “இங்கன ஒரு பழம் வச்சேனே, எவம்லே எடுத்தான்?” என்றார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். வராந்தாவில் வைத்து, சண்முகத்தாயின் வலது கையை மூன்று சுற்றுச் சுற்றித் திருஷ்டி கழித்தாராம். குற்றாலத்திலிருந்து வாங்கி வந்த பழமாம். போகிற வழியில் முச்சந்தியில் மிதித்து நசுக்க வேண்டும், மடியில் வைக்கக்கூடாது, அதனால் ஜன்னலில் வைத்தாராம்.

“நான்தான் எடுத்துக் குவியல்ல போட்டேன்” என்றேன். அந்த அறையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

முதலாளி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “நூத்தியாறு. பாயில ஆறு. அப்ப மூட்டையில நூறு சரி” என்று எழுந்தார். “திங்கக்கெழமை வந்துரு தாயி.” சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடம் சிரித்தார். எல்லாம் முடிந்தது என்று நான் மூட்டையைக் காருக்குத் தூக்கப் போனேன். முதலாளி ஓர் எட்டு பின்னால் நகர்ந்தார்.

“அந்தத் திருஷ்டிப் பழம் மூட்டையில கெடக்கா, பாயில கெடக்கா?”

யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் ஒரே மஞ்சள். மாடசாமி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். முதலாளி தன் சரக்கில் அது சேரக்கூடாது, மூட்டை இங்கேயே இருக்கட்டும், பாயில் கிடப்பதும் இருக்கட்டும் என்று இறங்கிப் போய்விட்டார். “நூத்தியாறு பழத்தை நான் என்ன செய்ய? ஊறுகா போட்டா யாராச்சும் சாப்பிடுவீங்களா?” என்றார் ஷமீமா மேடம். கடைசியில் மாடசாமி பாயிலிருந்து ஏதோ ஒரு பழத்தை எடுத்தார். எதை நசுக்கினாலும் கண்ணேறு தேடி வந்து அதில் உட்கார்ந்துகொள்ளுமாம்.

படி இறங்கும்போது சண்முகத்தாய்க்கு ஒரு பயம் வந்துவிட்டது. கையில் இருந்த கண்ணேறு பழத்துக்குப் போனது, அந்தப் பழத்தைத் தான் தொட்டு எடுத்திருந்தால் அது திரும்பக் கையில் ஏறியிருக்காதா என்று கேட்டார். மாடசாமி நின்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

“மரத்த வெரலால எடுத்திருந்தா ஏறாது ஆச்சி. சுண்டுவெரல்ல தட்டுன பழமா இருந்தாத்தான் யோசிக்கணும்.”

ஆக, கை குணமானதா, கணக்கு சரியானதா, கண்ணேறு போனதா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அன்று சாயங்காலம் நான் கதவைப் பூட்டியபோது அறையில் மிஞ்சியிருந்தது, காலையில் வந்த அதே நூற்றைந்து.